மனையியல் துறையும் நான் மறுக்காத படிப்பும்

1

ஜெமீலா அழைத்தபோது நான் கேரட் மசித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை என் வேலையிடம். யாருக்கு உப்பைக் குறைக்க வேண்டும், விழுங்க முடியாத யாருக்கு எல்லாவற்றையும் மசித்துக் கொடுக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறேன். ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது.

ஜெமீலா என் கல்லூரித் தோழி, லால்பேட்டைக்காரி. சிதம்பரத்தில் நாங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் மனையியல் துறையிலேயே ஆசிரியையாகி, அங்கேயே ஓய்வும் பெற்றவள். நடுவில் பல வருடங்கள் தொடர்பு இல்லாமல் போய், வாட்ஸப் வந்த பிறகு மறுபடி பேச ஆரம்பித்திருந்தோம்.

“வளரு, நம்ம டிபார்ட்மெண்டுக்கு விழா எடுக்கிறோம்டி. பழைய ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் வர்றாங்க. டிபார்ட்மெண்ட் வரலாற நான்தான் எழுதுறேன். ஒன் போட்டோ ஒண்ணு அனுப்பு. ஜெர்மனில வேல பாக்குறவங்கன்னு ஒரு பக்கம் போடுறோம்” என்றாள்.

அனுப்புகிறேன் என்றேன். அவள் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனாள். கட்டடம் மாறியது, பாடம் மாறியது, இப்போது பையன்களும் சேர்கிறார்கள் என்றாள். பிறகு சர்வ சாதாரணமாக ஒன்றைச் சொன்னாள்.

“ஒனக்கு வந்த ஃபெல்லோஷிப்பத்தானே கோமதி மேடம் எனக்கு மாத்திவிட்டாங்க. நீ வேணாம்னு சொன்னதாலதான் நான் டாக்டரேட் பண்ணேன். அதையும் எழுதியிருக்கேன், நன்றியோட.”

“நான் எப்ப வேணாம்னேன்?”

“வெளையாடாத வளரு.”

“ஜெமீலா, எனக்கு ஃபெல்லோஷிப் வரலேன்னுதான் எங்கிட்ட சொன்னாங்க.”

“நீயே வந்து வேணாம்னு சொல்லிட்டுப் போனேன்னு மேடம் சொன்னாங்கடி. அல்லா மேல ஆணையா, நான் அப்புடித்தான் நெனச்சிருந்தேன்.”

என் கல்யாணத்துக்கு வந்திருந்தாயே, அப்போது ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்டேன். மணமேடையில் போய் அதைப் பேசினால் நன்றாக இருக்குமா என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். நான் மசித்துக்கொண்டிருந்த கேரட்டில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி வேகவைத்தேன்.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு மனையியல் என்றால் சட்டென்று என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். சமையல், தையல், கோலம். எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. புவனகிரி கடைத்தெருவில் அவருக்கு விதை, உரக்கடை. நான் வேதியியல் படிக்க ஆசைப்பட்டேன். அந்த வகுப்பில் பையன்கள் இருப்பார்கள். மனையியலில் படிப்பவர்களும் பெண்கள், சொல்லிக்கொடுப்பவர்களும் பெண்கள். வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினால் சிதம்பரம், சாயங்காலத்துக்குள் பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள். இதுதான் அவர் கணக்கு.

சேர்க்கை நாளன்று கோமதி மேடத்திடம் அப்பா கேட்டார். “சமையலு, குடும்பம் நடத்துறது எல்லாம்தானே சொல்லிக் குடுப்பீங்க?”

மேடம் அப்போது துறையின் தலைவி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். “ஆமாங்கய்யா. குடும்பத்துக்கு வேண்டியது அத்தனையும்” என்றார். அப்பா திருப்தியாகப் பணம் கட்டினார்.

முதல் வகுப்பில் மேடம் கதவைச் சாத்தச் சொன்னார். “ஒங்க அப்பாக்கள்கிட்ட நான் சொன்னத நீங்க மறந்துடுங்க. இது சமையல் கிளாஸ் இல்ல” என்றார்.

உண்மையில் அது சமையல் வகுப்பில்லை. உடலியங்கியல் படித்தோம். உயிர்வேதியியல் படித்தோம். பருத்தி இழையில் சாயம் எப்படிப் பிடிக்கிறது என்று படித்தோம். துறையோடு சேர்ந்த மழலையர் பள்ளியில் குழந்தைகளின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு குழந்தை எதற்கு அழுகிறது, எப்போது தானாகச் சமாதானம் ஆகிறது என்று மணிக்கணக்கில் கவனித்து எழுதினோம். தனக்கு முன்னால் இருந்த ஆசிரியைகள் சில தையல் மெஷின்களையும் மண்ணெண்ணெய் அடுப்புகளையும் வைத்துக்கொண்டு துறையை ஆரம்பித்ததாக மேடம் சொல்வார். மெஷினைக் காட்டிப் பெண்களை உள்ளே கூட்டி வந்து, உள்ளே வந்த பிறகு அறிவியலைக் கொடுத்தார்களாம். பெயரில் இருந்த ‘மனை’ அப்பாக்களுக்கு, ‘இயல்’ எங்களுக்கு.

வளாகத்துக்குள் ஒரு பயிற்சி வீடு இருந்தது. இறுதியாண்டு மாணவிகள் சில வாரங்கள் அதில் குடும்பமாக வாழ்ந்து காட்ட வேண்டும். ஒருத்தி நிர்வாகி, ஒருத்தி சமையல், ஒருத்தி விருந்தினர் உபசரிப்பு என்று பொறுப்புகள் மாறிக்கொண்டே வரும். கணவன் என்ற பொறுப்பு அந்த வீட்டில் கிடையாது. ஜெமீலா நிர்வாகியாக இருந்த வாரத்தில் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு மேடமே வந்து அதட்டிவிட்டுப் போனார். அந்த அளவுக்குச் சந்தோஷமாக ஒரு வீட்டில் நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

முதுகலையில் நான் எடுத்துக்கொண்டது இணை உணவு. ஆறு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு சேர்த்து என்ன கொடுக்கலாம் என்ற கேள்வி. கேழ்வரகை முளைகட்டி, வறுத்து, வேர்க்கடலை சேர்த்து மாவாக்கி, புவனகிரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் தாய்மார்களிடம் கொடுத்துப் பார்த்தேன். குழந்தைகள் எடை ஏறின. “இத முனைவர் பட்டத்துக்குக் கொண்டு போ. நான் வழிகாட்டுறேன்” என்றார் மேடம். ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பம் போட வைத்ததும் அவர்தான்.

3

முடிவு வருவதற்குள் எனக்கு வரன் வந்துவிட்டது. கடலூர்க்காரர், இயந்திரப் பொறியாளர், ஜெர்மனியில் வேலை. ஜாதகம் பொருந்தியது. நான் அம்மாவிடம், படிப்பு கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். அம்மா அதை அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தச் சமயம் எனக்குக் காய்ச்சல். ஃபெல்லோஷிப் முடிவு துறைக்குத்தான் வரும், தெரிய வேண்டுமே என்று துடித்துக்கொண்டிருந்தேன். “நீ படு. நானே போயி மேடத்தப் பாத்துக் கேட்டுட்டு வர்றேன்” என்று அப்பா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். கடையைப் பூட்டிவிட்டு எனக்காகப் போகிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மதியத்துக்கு மேல் திரும்பி வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “இல்லையாம்மா. இந்த வருஷம் ஜாஸ்தி போட்டியாம். மேடம் ரொம்ப வருத்தப்பட்டாங்க” என்றார். நான் அழுதேன். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அதற்கு அடுத்த வாரமே பெண் பார்க்க வந்தார்கள். நான் மறுத்துப் பேச ஒன்றும் இல்லாமல் போய் நின்றேன்.

ஜெர்மனிக்கு வந்ததும் வேலைக்காகப் பட்டத்தை மதிப்பிடும் அலுவலகத்துக்குப் போனேன். மனையியலுக்கு அவர்கள் போட்ட ஜெர்மன் சொல், இங்கே வீட்டு நிர்வாக உதவியாளர்களுக்கான தொழிற்பயிற்சியின் பெயர். துவைப்பது, துடைப்பது, படுக்கை விரிப்பது. என் முதுகலைப் பட்டம் அந்த ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்துகொண்டது. நான் உயிர்வேதியியல், ஊட்டச்சத்து என்று விளக்கிப் பார்த்தேன். எனக்கு அப்போது தெரிந்த ஜெர்மனில் அது விளங்கவில்லை. அந்த அதிகாரி அம்மாள் அன்பாகத்தான் இருந்தார். “பியூகெல்ன் நன்றாக வருமா?” என்று கேட்டார். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் மதிப்புக் குறையும் என்று பயந்து, மிக நன்றாக வரும் என்றேன். அதற்கு இஸ்திரி போடுவது என்று அர்த்தம். முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை கிடைத்தது.

சலவை அறையிலிருந்து சமையலறைக்கு வர எனக்குப் பல வருடங்கள் ஆயின. என் மகள் நிலா முதல் வகுப்பில் அம்மாவின் வேலையை வரையச் சொன்னபோது ஓர் இஸ்திரிப் பெட்டியை வரைந்தாள். ஆசிரியை அதைச் சுவரில் ஒட்டினார். பெற்றோர் கூட்டத்தில் அதன் கீழே நான் நின்றுகொண்டிருந்தேன். வளர வளர அவள் ஜெர்மனிலேயே யோசித்தாள், ஜெர்மனிலேயே கோபப்பட்டாள். தமிழ், பண்டிகைக்கு எடுத்து வைக்கும் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. “நீ காலேஜ்ல சமைக்கப் படிச்சியா அம்மா?” என்று ஒருமுறை கேட்டாள். விளக்கப் போனேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு போன் வந்துவிட்டது.

இதெல்லாம் என் ராசி, கிடைக்காதது கிடைக்கவில்லை என்றே அத்தனை வருடமும் இருந்தேன். கிடைக்காததற்காக யாரையும் நோக வேண்டியதில்லை அல்லவா? ஜெமீலாவின் அழைப்புக்குப் பிறகுதான் அந்த நிம்மதியும் போனது.

4

விழாவுக்குப் போகிறேன் என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. மேடத்தை நேரில் பார்த்துக் கேட்காமல் யாரிடமும் பேசக் கூடாது என்று இருந்தது. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. கேட்க மிச்சமிருப்பவர் மேடம் ஒருவர்தான்.

கடலூர் செம்மண்டலத்தில் மேடத்தின் வீடு. புவனகிரியில் தம்பி வீட்டில் பெட்டியைப் போட்டுவிட்டு, மறுநாள் காலை கார் பிடித்துப் போனேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், பார்வையும் பேச்சும் தெளிவு. இப்போதும் பருத்திப் புடவைதான். என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“வளர்மதி. முளைகட்டின கேழ்வரகு” என்று சிரித்தார். என்னை அப்படி நினைவு வைத்திருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குக் கேட்கத் தோன்றாமல் போய்விடும் என்று பயந்து, உடனே கேட்டேன்.

“மேடம், அந்த ஃபெல்லோஷிப் எனக்கு வந்துச்சா?”

அவர் மழுப்பவில்லை. “வந்துச்சு” என்றார்.

“அப்பாகிட்ட வரலன்னு சொன்னீங்களா?”

“வந்துச்சுன்னுதான் சொன்னேன். அவரு உக்காந்து அழுதாரு. ‘நல்ல எடம் மேடம், இது வந்ததுன்னு தெரிஞ்சா அவ கழுத்த நீட்ட மாட்டா, நீங்கதான் ஒதவணும்’னாரு. நான் சரின்னேன்.”

“என்ன ஒரு வார்த்த கேக்கலையே மேடம்.”

“கேட்டிருந்தா நீ வேணும்னு சொல்லியிருப்ப.”

“ஆமாம்.”

“அதனாலதான் கேக்கல.”

வேலை செய்யும் பெண் காபி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் எடுக்கவில்லை. மேடம் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“கேளு வளர்மதி. நீ படிக்கிறதப் பாத்துட்டுத்தான் புவனகிரியிலேந்து பொண்ணுங்க அப்ளிகேஷன் போட ஆரம்பிச்சாங்க. எல்லாம் ஒங்கப்பா கடைக்கு வந்து போற குடும்பம். அவரு பேச்ச மீறி ஒன்ன நிறுத்தி வச்சிருந்தேன்னா, அந்த மேடம் பொண்ணுங்களக் கெடுக்குதுன்னு ஊர்ல பேச்சு ஆயிடும். அடுத்த வருஷம் ஒருத்தி வரமாட்டா. பொண்ணுங்க வரலேன்னா டிபார்ட்மெண்ட மூடுன்னு சொல்றதுக்கு அப்ப ஆளுங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. நான் ஒருத்திய விட்டுக் குடுத்தேன். மத்தவங்க வந்தாங்க.”

“அந்த ஒருத்தி நான் மேடம்.”

“தெரியும்.”

“ஜெமீலாகிட்ட நானே வேணாம்னு சொன்னதா ஏன் சொன்னீங்க?”

“இல்லேன்னா அவ வாங்கியிருக்க மாட்டா. ஒன் வேலையும் வீணாப் போயிருக்கும். ஒன் தலைப்பத்தான் அவ செஞ்சா. நல்லா செஞ்சா.”

இது எனக்குப் புதிது. ஜெமீலா முனைவர் பட்டம் வாங்கினாள் என்று தெரியும். எதில் என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. என் கேழ்வரகு மாவும் என் கிராமங்களும் அவள் பெயரில் இருக்கின்றன.

லால்பேட்டையிலிருந்து வரும் பெண்ணைத்தான் சீக்கிரம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று நாங்கள் எல்லோரும் கேலி பேசியிருக்கிறோம். ஜெமீலாவின் அத்தா வளைகுடாவில் கடை வைத்திருந்தவர். மகள் கேட்டாள், படி என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது அங்கே. முற்போக்கு, பிற்போக்கு என்று நாம் ஊர்களுக்கும் ஆட்களுக்கும் ஒட்டிவைக்கிற சீட்டுகளை நினைத்துச் சிரிப்பு வந்தது.

மன்னித்துவிடு என்று மேடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே உடைந்து அவர் மடியில் விழுந்திருப்பேன். அவர் சொல்லவில்லை. வாசல் வரை வந்து, “வெயில்ல அலையாத” என்றார்.

5

விழா அன்று சீக்கிரமே சிதம்பரம் போய்விட்டேன். அரங்கத்தின் பக்கத்து அறையில் ஜெமீலா புத்தகக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். கை தானாகப் போனது.

புத்தகத்தைப் புரட்டினேன். அழகாகத்தான் எழுதியிருந்தாள். மண்ணெண்ணெய் அடுப்பு, மழலையர் பள்ளி, இப்போது பரிசோதனைக் கூடமாகிவிட்ட பயிற்சி வீடு எல்லாம் இருந்தன. என் படத்துக்குக் கீழே, ‘திருமணத்தின் பொருட்டு ஆய்வுப் படிப்பை விரும்பித் துறந்து, அந்த வாய்ப்பைத் தோழிக்கு வழங்கிய பெருந்தகை’ என்று இருந்தது.

“இது பொய்னு ஒனக்கு இப்பத் தெரியும்ல?”

“போன்ல நீ சொல்றதுக்கு முன்னாடியே அச்சுக்குப் போயிடுச்சு வளரு.”

“எங்கிட்ட தலைப்பப் பத்தியும் சொல்லல.”

அவள் கண் கலங்கியது. “என்னன்னு சொல்லச் சொல்ற? ஒன் வேலைய எடுத்துக்கிட்டேன்னு எப்புடிடி எழுதுறது? நீ மனசார விட்டுக் குடுத்தேன்னு நெனச்சுத்தான் நான் இத்தன வருஷம் நிம்மதியா இருந்தேன்.”

“நானும் எனக்கு வரலன்னு நெனச்சுத்தான் நிம்மதியா இருந்தேன்.”

“மேடம் மேடைக்கு வர்றாங்க. வயசானவங்க. இன்னைக்கு வேணாம்டி.”

“நான் எதுவும் பேசப் போறதில்ல. அந்த ‘விரும்பி’ய மட்டும் எடு.”

“அச்சடிச்சது.”

“அப்ப என் படத்தக் கிழிச்சிடு.”

ஜெமீலா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு புத்தகத்தை எடுப்பாள், என் பக்கத்தைப் புரட்டுவாள், அந்தச் சொல்லின் மேல் அழுத்திக் கோடு போடுவாள், மூடி வைப்பாள். ஓய்வு பெற்ற பேராசிரியை, பட்டுப்புடவையோடு. முழங்கால் வலிக்கிறது என்று நடுவில் காலை நீட்டிக்கொண்டாள். நானும் உட்கார்ந்து புத்தகங்களை விரித்து விரித்துக் கொடுத்தேன்.

அந்தச் சொல்லை எடுத்த பிறகும் வாக்கியம் ஒழுங்காகவே நின்றது. படிக்கிறவர்கள் ஏதோ அச்சுப் பிழை என்றுதான் நினைப்பார்கள்.

மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தியது கோமதி மேடம். அவர் கை எட்டுவதற்காக நான் குனிய வேண்டியிருந்தது.

“இன்னும் கோவமா?” என்று காதருகே கேட்டார்.

“ஆமாம் மேடம்.”

“இருக்கட்டும்” என்று தோளில் தட்டினார். கீழே எல்லோரும் கைதட்டினார்கள்.

6

திரும்பி வந்த வாரக் கடைசியில் நிலா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வேறு நகரத்தில் வேலை பார்க்கிறாள். மாதக்கணக்கில் வராமல் இருப்பதும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு என் கணவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் மேசையிலிருந்த புத்தகத்தைப் புரட்டி, என் படத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். தமிழ் வாசிக்க அவளுக்கு வராது.

“இந்தக் கோடு என்னம்மா?”

“ஒரு வார்த்தைய அடிச்சிருக்கு. விரும்பின்னு.”

“விரும்பின்னா?”

அதற்கு இணையான ஜெர்மன் சொல்லைச் சொன்னேன். “கெர்ன்.” ஆசையோடு, மனமுவந்து ஒன்றைச் செய்வதற்கு இங்கே சொல்வது. பிறகு நடந்ததையெல்லாம் சொன்னேன். பாதித் தமிழ், பாதி ஜெர்மன். அவள் இந்த முறை போனைத் தொடவில்லை. கணவருக்கு முதுகு எங்கள் பக்கம். அவரும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

நிலா புத்தகத்தை மூடினாள். “அப்போ அப்பாவ? அப்பாவ நீ கெர்ன் கல்யாணம் பண்ணியா?”

நான் பதில் தேடுவதற்குள் அவரே பேசினார். “அவ அப்ப படிக்கணும்னுதான் இருந்தா. எனக்குத் தெரியும்.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினார். “பொண்ணு பாக்க வந்தன்னிக்கு மாமா சொன்னாரே. பொண்ணுக்கு ஆராய்ச்சிப் படிப்பு கெடச்சிது, ஒங்க எடம்னதும் நிறுத்திட்டோம்னு. பெருமையாத்தான் சொன்னாரு. ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. நான் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அப்பா பேசும் குரல் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. நகை, பாத்திரம் என்று சொல்லிக்கொண்டு வந்த வரிசையில் என் படிப்பையும் வைத்திருக்கிறார். பெண் வீட்டார் விட்டுக்கொடுத்தது இவ்வளவு பெரியது என்று காட்டுவதற்கு. அப்பா அறிவார், மேடம் அறிவார், மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். எனக்கு வந்ததைப் பற்றி எனக்கு மட்டும் தெரியாது.

“ஒரு தடவ கூட எங்கிட்ட அதப் பத்திக் கேக்கணும்னு ஒங்களுக்குத் தோணலையா?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர். அதுவும் உண்மைதான். “இப்பக் கேக்குறேன். என்ன ஆராய்ச்சி அது?”

“ஜெமீலா எழுதி வச்சிருக்கா. அவளக் கேளுங்க” என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

தெருவில் நல்ல குளிர். நான் எதையும் போர்த்திக்கொள்ளாமல் வந்தது அப்போதுதான் தெரிந்தது. ஆற்றங்கரைக்குத் திரும்பும் முனை வரை போயிருப்பேன். பின்னால் ஓடி வரும் சத்தம். நிலா, தன் கோட்டுக்கு ஒரு பொத்தானும் போடாமல், என் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அதை என் தோளில் போட்டுவிட்டு, மூச்சு வாங்க என்னோடு நடந்தாள்.

“எனக்குச் சொல்லு” என்றாள், தமிழில்.